எங்கள் வீட்டு மேசையில் வக்கீல் கிடையாது

வக்கீல்கள் சங்கத்தில் ஏதோ விழாவாம், சிறப்பு மலர் போடுகிறார்களாம். இந்த ஊரில் ஆரம்ப காலத்தில் கறுப்பு கவுன் மாட்டியவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் வரப்போகிறதாம். ஸ்வீட் பெட்டியோடு இரண்டு இளம் வக்கீல்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் 'முன்னோடி' என்ற சொல்லை எத்தனை தடவை சொன்னார்கள் என்று எனக்கே கணக்கு விட்டுப்போய்விட்டது. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

முதலில் தம்பியிடம்தான் போயிருக்கிறார்கள். "அக்காகிட்டக் கேளுங்க, அவங்க எழுதுவாங்க" என்று கையைக் காட்டிவிட்டிருக்கிறான். ஒரு காலத்தில் அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு ஆள் வைக்க வேண்டும். இப்போதெல்லாம் போன் எடுத்தால் "ம்" என்கிறான், "சரிக்கா" என்கிறான். அது ஏன் என்பதையும் சேர்த்துத்தான் இதில் எழுதப்போகிறேன். மலர்க்காரர்களுக்கு இது வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

அவர்கள் கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். முன்னோடி என்று அவர்கள் சொல்பவர் என் அப்பாவின் தாத்தா. வீட்டில் அவருக்குப் பெயர் பெரிய வக்கீல். மிஷன் சபையில் உபதேசியாராக இருந்த ஓர் ஏழையின் மகன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பட்டணம் போய்ச் சட்டம் படித்து, எங்கள் ஜனத்தில் முதல் ஆளாக மதுரை ஜில்லா கோர்ட்டில் ஏறியவர். சம்பாதித்ததை வட்டிக்கு விடாமல் சிறுமலையில் காடு வாங்கினார். வெள்ளைக்காரத் துரைமார்தான் காப்பி போட முடியும் என்று எல்லாரும் நினைத்திருந்த நாளில் தானே குதிரையில் ஏறிப் போய், கூடாரம் அடித்துத் தங்கி, காப்பியும் ஆரஞ்சும் போட்டார். கடைசியில் ஒரு மழைக்காலத்தில் மலையிலேயே இறந்துபோனார். பாதை அரித்துக்கொண்டு போயிருந்ததால் உடலைக் கீழே கொண்டுவர முடியவில்லை. பங்களாவுக்குப் பின்னால், பலா மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். இவ்வளவும் உண்மை. ஒரு பக்கத்துக்கு இது போதும்.

ஆனால் பெரிய வக்கீல் காப்பியோடும் கேஸ்களோடும் நிற்கவில்லை. வீட்டுக்கு இரண்டு சட்டங்களையும் விட்டுவிட்டுப் போனார். முதல் சட்டம், மூத்தவன் கோர்ட்டுக்கு, இளையவன் மலைக்கு. இதில் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை, நாங்கள் கல்யாணத்துக்கு. இரண்டாவது சட்டம் மேசையைப் பற்றியது.

மலையில் வெட்டிய பலா மரத்தில் செய்து, மாட்டு வண்டியில் இறக்கிய சாப்பாட்டு மேசை அது. ஒரு குடும்பமே அதன் மேல் படுத்துத் தூங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, எல்லாரும் கை கழுவிவிட்டுத் திரும்ப வந்து உட்கார வேண்டும். அப்பா கரண்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்த வாரம் வீட்டில் நடந்த சண்டை, திருட்டு, உடைசல், ஆசை எல்லாம் அப்போது விசாரணைக்கு வரும். கேஸ் கொண்டுவந்தவன் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று பேச வேண்டும். எதிர்த்தரப்பும் அப்படியே. அப்பா தீர்ப்புச் சொல்வார். அப்பீல் கிடையாது. அடுத்தவனுக்காக யாரும் பேசக் கூடாது. "இந்த மேசையில வக்கீல் கிடையாது, அவனவன் கேஸ அவனவன் பேசணும்" என்று பெரிய வக்கீல் சொல்லிவைத்தாராம். அடுத்தவனுக்காகப் பேசியே பிழைத்த குடும்பம், தன் வீட்டுக்குள் அதை மட்டும் ஆகாது என்று வைத்திருந்தது. ஊரெல்லாம் இதைக் கேட்டு மெச்சியது. பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்கணும் என்றார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் மூன்று பேர். அண்ணன், நடுவில் நான், கடைசியில் தம்பி. அண்ணன் ஊமையும் இல்லை, திக்குவாயும் இல்லை. அவனுக்குச் சொல் வருவதற்கு நேரமாகும், அவ்வளவுதான். கேட்டதை உள்ளே கொண்டுபோய், புரட்டிப் பார்த்து, பதிலோடு அவன் வெளியே வரும்போது கேட்டவர் எழுந்து போயிருப்பார். தம்பி நேர் எதிர். அவன் வாயில் சொல் எப்போதும் ஸ்டாண்டில் நிற்கிற டவுன் பஸ் மாதிரி புறப்படத் தயாராக இருக்கும்.

ஒரு சமயம் அப்பாவின் ரேடியோவைத் தம்பி கழற்றிப் பார்த்துப் பாழாக்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அது மேசைக்கு வந்தது. தம்பி எழுந்து நின்றான். ரேடியோ ரூமில் கடைசியாக யார் இருந்தது, ஸ்க்ரூ கழற்றும் திருப்புளி யாருடைய அலமாரியில் கிடந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவைத்தான். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. எல்லாம் உண்மை, எல்லாம் அண்ணன் பக்கம் திரும்பியிருந்தது. அண்ணனின் முறை வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது. நான் பொறுக்க முடியாமல், "அப்பா, அது அண்ணன் இல்லப்பா" என்றேன்.

"நீ என்ன அவனுக்கு வக்கீலா? உக்காரு" என்றார் அப்பா.

அண்ணன் நாற்காலியிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "சொல்ல ஒண்ணுமில்லப்பா" என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்த வருஷம் மே மாத லீவுக்கு அவன் மலைக்கு வரக் கூடாது என்று தீர்ப்பு. அடித்திருந்தால் பரவாயில்லை. மலை என்றால் அவனுக்கு அப்படி. மற்ற நாளெல்லாம் கீழே ஏதோ இருந்தோம் என்று இருப்பான், மலையில்தான் அவனுக்கு முழு மூச்சு வரும். கங்காணியோடு காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் பங்களாவுக்கு வருவான். காப்பிச் செடிக்குக் கவாத்து எடுக்க, அதாவது வேண்டாத கிளையைக் கழிக்க, சின்ன வயதிலேயே பழகியிருந்தான். எதைக் கழிப்பது, எதை விடுவது என்று செடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பான். அங்கே யாரும் அவனை அவசரப்படுத்துவதில்லை. அந்த வருஷம் நாங்கள் ஜீப்பில் ஏறியபோது வாசலில் அம்மாவோடு நின்று கையை ஆட்டினான்.

தம்பி கெட்டவன் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மலையில் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்துவிட்டு, அப்பாவிடம் போய், "ரேடியோவ நாந்தாம்ப்பா கெடுத்தேன்" என்று அழுதான். அப்பா, "தீர்ப்புச் சொன்னது சொன்னதுதான்" என்றார். திரும்பி வரும்போது தம்பி ஒரு காப்பிக் கிளையை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தான். கீழே வெயிலில் அது எங்கே பிழைக்கும்.

அண்ணன் காலேஜ் முடித்த வருஷம்தான் பெரிய விசாரணை. கோர்ட்டுக்குப் போகிற காலம் வந்துவிட்டது. அந்த ஒரு வாரமும் அவன் மொட்டை மாடியில் நடந்துகொண்டே வாய்க்குள் பேசிப் பார்த்ததை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு மலை" என்றான்.

அப்பா காத்திருந்தார். கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே காத்திருந்தார். ஆனால் தீர்ப்புக் கொடுக்கப்போகிறவர் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் அண்ணனுக்கு எந்தக் காலத்தில் பேச்சு வந்தது?

தம்பி துள்ளி எழுந்தான். "அப்பா, நாஞ் சொல்றேன். அண்ணனுக்கு மலையில எல்லாந் தெரியும். எனக்கு அங்க அட்டை கடிக்குது, ஒண்ணும் புரியல. எனக்குக் கோர்ட்டுன்னா இஷ்டம். மாத்தி விட்டுருங்கப்பா, ரெண்டு பேருமே நல்லா இருப்போம்."

இதைவிட நன்றாக எந்த வக்கீலும் அந்தக் கேஸைப் பேசியிருக்க முடியாது. அதுதான் வினையாகப் போயிற்று. அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவன் கேஸ நீ பேசாத. அவன் வாயில வரட்டும்."

எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். அம்மா சமையலறை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு தளர்ந்தது.

"சொல்ல ஒண்ணுமில்லப்பா."

அப்பாவின் தீர்ப்பு நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். பேசத் தெரியாதவன் கோர்ட்டுக்குப் போனால்தான் பேசக் கற்றுக்கொள்வான். நன்றாகப் பேசுகிறவன் மலையில் இருந்தால் கூலியாட்களிடம் வேலை வாங்கலாம். அதோடு பெரிய வக்கீல் வகுத்தது இது, மூன்று தலைமுறையாக மாறாதது. ஒவ்வொன்றாகக் கேட்டால் தலையாட்டத் தோன்றும். அந்தத் தீர்ப்பால் இரண்டு பேர் வாழ்க்கை போயிற்று.

பெரிய வக்கீலின் கவுன் இரும்புப் பெட்டியில் பாச்சை உருண்டைகளுக்கு நடுவில் இருக்கும். மூத்த பிள்ளை முதல் நாள் கோர்ட்டுக்குப் போகும்போது அதைத்தான் போட்டுக்கொண்டு போக வேண்டும், அவன் செத்தால் அதைத்தான் பெட்டியின் மேல் போர்த்த வேண்டும். அடக்கத்துக்கு முன் எடுத்து மடித்து, அடுத்த மூத்தவனுக்கு வைத்துவிடுவார்கள். தோள்பட்டையில் ஒட்டுப் போட்ட அந்தக் கவுனை அண்ணன் போட்டுக்கொண்டு நின்றபோது அம்மா திருஷ்டி கழிப்பது போலக் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

கோர்ட்டில் அண்ணன் என்ன ஆனான் என்பதை நீட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா இருந்தவரை அவருடைய கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். தனியாக ஒரு தடவை வாதாட எழுந்தபோது, நீதிபதி "யெஸ்?" என்று கேட்டுக் காத்திருந்து, பிறகு அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டாராம். அதன் பிறகு கோர்ட் வளாகத்தில் புங்க மரத்தடியில் ஒரு மேசை போட்டு, அஃபிடவிட் எழுதிக் கொடுத்தான். எழுத்து மணி மணியாக இருக்கும். பெண் கொடுக்க யாரும் வரவில்லை. ஒன்றிரண்டு வீட்டில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா ஏதாவது கேட்பார், இவன் யோசிப்பான், அதோடு முடிந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஓர் எலுமிச்சை மரம் நின்றது. கோர்ட்டிலிருந்து வந்ததும் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு அதனிடம் போய்விடுவான். கழிக்கக் கிளை வேண்டாமா? கழித்துக் கழித்து அந்த மரம் குடைக்கம்பி போல நின்றது. ஊறுகாய்க்கு ஒரு காய் கிடைக்காது. அம்மா ஒரு நாளும் அவனைக் கடிந்ததில்லை, கடையில் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எங்கோ போய்விட்டு வருவான். எனக்குக் கல்யாணமாகி, அதே ஊரில் வேறு தெருவில் இருந்தேன். ஒரு நாள் நாங்கள் வாடிப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, சமயநல்லூரில் ரோட்டோரம் ஒரு டீக்கடைப் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"இங்க என்னண்ணே பண்ற?"

அவன் பதில் சொல்ல நேரமானது. நான் நின்றேன்.

"இங்கருந்து தெரியுது" என்றான்.

வடக்கே, கரண்டுக் கம்பிகளுக்கு அப்பால், மலை நீலமாகக் கிடந்தது. டவுன் பஸ் பிடித்து வந்து, டீ குடித்து, இருட்டும்வரை பார்த்துவிட்டுப் போவானாம். எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. தம்பி அங்கேதான் இருக்கிறான், ஜீப் இருக்கிறது, மேலே போக வேண்டியதுதானே என்றால் போக மாட்டான். போனால் திரும்ப இறங்க வேண்டும் என்பான்.

தம்பிக்கும் மலை ஒத்துவரவில்லை. ஆட்களிடம் நன்றாகத்தான் பேசினான், அவர்களும் சிரித்தார்கள், செடிக்குத்தான் அவன் பேச்சுப் புரியவில்லை. யாரோ விலை சொன்னார்கள் என்று நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை விற்றான். அதற்கு முன் கீழே வந்து சொன்னபோது அண்ணன், "நெழல வெட்டாத" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஏன் என்று விளக்க அவனுக்கு வரவில்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தம்பிக்குப் பொறுமை வரவில்லை. மரம் போன பிறகு வெயில் நேராக இறங்கியது, காப்பி கருகியது, மிச்சத்தைத் தண்டுப் புழு தின்றது. ஆரஞ்சு எப்போதோ போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். தம்பி குத்தகைக்கு விட்டான், அதுவும் வீணாயிற்று. கடைசியில் ரிசார்ட் கட்டுகிறவர்கள் விலை பேசி வந்தார்கள்.

அப்பாவின் உயில்படி மலை அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டால்தான் விற்கலாம். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். எந்த யோசனையும் இல்லாமலே நாங்கள் மூவரும் அந்த மேசையில் அவரவர் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. தம்பி பேசினான். வேறு வழியில்லை என்பதை அழகாக எடுத்துச் சொன்னான், கடைசியில் அழுதுவிட்டான். அண்ணன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் சொல்லப்போகும் வார்த்தையை எதிர்பார்த்தே இருந்தேன், சொல்ல ஒண்ணுமில்ல என்பான் என்று.

அவன் எழுந்தான். நரைத்த தலையோடு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பெரிய வக்கீல் கல்லறைக்குப் பக்கத்துல எனக்கு ஒரு எடம் வேணும்" என்றான். நாங்கள் காத்திருந்தோம். "போக வர வழி விடணும். பத்திரத்துல போடணும்."

அந்த மேசையில் அவன் அத்தனை சொற்களைக் கோத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. தம்பி எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "போட்டுருவோம்ணே, கட்டாயம் போட்டுருவோம்."

பத்திரத்தில் போட்டார்கள். வாங்கியவர்கள் படித்துப் பார்த்துச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். கல்லறையும் அதன் பக்கத்து இடமும் எங்களுக்கு, வாசலிலிருந்து அங்கே போய்வரும் பாதை எங்களுக்கு. அண்ணன் அதன் பிறகு கொஞ்சம் தெளிந்தான் என்றுகூடச் சொல்லலாம். வாழ்ந்து பார்க்கக் கிடைக்காத இடத்தில் செத்தாவது கிடப்போம் என்கிற நிம்மதி. அதை நிம்மதி என்று எழுதவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

போன வருஷம் காய்ச்சலில் விழுந்தான், நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் நான் கூட இருந்தேன். கடைசி நாள் என் கையைத் தொட்டு, "மலைக்கு" என்றான். சரிண்ணே, மலைக்குத்தான் என்றேன். சிரித்தான் என்று நினைக்கிறேன். விடியும்போது போய்விட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் ஆலயத்தில் ஆராதனை முடித்து, பெட்டியை வண்டியில் ஏற்றிப் புறப்பட்டோம். முன்னே ஆம்புலன்ஸ், பின்னே எங்கள் சபை ஆயரும் தம்பியும் நானும் ஒரு காரில். சமயநல்லூர் தாண்டும்போது அந்த டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. மலை தெரிந்தது. நான் சத்தமாகவே, "அந்தா பாருண்ணே, போறோம்" என்று சொன்னேன். ஆயர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். திண்டுக்கல் சுற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் வாசலில் போய் நின்றோம்.

வாசலில் பூ வளைவு கட்டியிருந்தார்கள். உள்ளே யாருக்கோ கல்யாண வரவேற்பு. ஆம்புலன்ஸைப் பார்த்ததும் காவலாளி கேட்டை இழுத்து மூடினான். மேனேஜர் ஓடி வந்தார். சின்ன வயது, கோட் போட்டிருந்தார், மரியாதையாகத்தான் பேசினார்.

"சாரி மேடம், இன்னைக்கு ஃபங்ஷன் இருக்கு. கெஸ்ட் எல்லாம் வந்துட்டாங்க. டெட் பாடி உள்ள கொண்டுபோக முடியாது."

தம்பி முன்னால் போனான். அன்று அவன் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்துச் சொன்னான். சட்டத்தைச் சொன்னான், நியாயத்தைச் சொன்னான், செத்தவன் யார் என்று சொன்னான். குரல் உயரவே இல்லை. காவலாளி தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தள்ளிப் போய் முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

"உங்களுக்கு ரைட் இருக்குன்னா கோர்ட்டுல ஆர்டர் வாங்கிட்டு வாங்கன்னு சொல்றாரு சார்."

காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் பத்திரத்தைப் படித்தார். "ஒங்க பக்கம் நியாயம் இருக்கு. ஆனா இது சிவில் மேட்டர், நாங்க தலையிட முடியாது. கோர்ட்டுக்குப் போங்க" என்றார். சனிக்கிழமை மத்தியானம். கோர்ட்டுக்குத் திங்கட்கிழமை போகலாம். திங்கட்கிழமை போனால் அவர்கள் பதில் சொல்ல நேரம் கேட்பார்கள், கிடைக்கும். வழக்கு நடக்கும். நாங்கள்தான் ஜெயிப்போம், எங்கள் குடும்பத்துக்கு அது தெரியாதா? அப்பா இருந்தால் மேசையில் தட்டி இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பிணத்துக்கு வாய்தா வாங்க முடியாது. ஆம்புலன்ஸ் டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, பெட்டியில ஐஸ் நிக்காதும்மா" என்றார்.

தம்பி மறுபடியும் வாசலுக்குப் போனான். இந்தத் தடவை கையெடுத்துக் கும்பிட்டான். வாயைத் திறந்தான், திறந்தபடியே நின்றான். உள்ளே மேளம் கேட்டது. பங்களாவின் ஓடு தெரிந்தது, பலா மரத்தின் உச்சி தெரிந்தது. அதற்கடியில்தான் பெரிய வக்கீல் கிடக்கிறார். அவ்வளவு பக்கத்தில் அண்ணனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னோம்.

தம்பியின் பேச்சு அந்த வாசலில்தான் நின்றது. கீழே இறங்கும் வளைவுகளில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு கேட்டதற்கு ஒரு வரி, அதோடு சரி.

ஆயர் போனில் சொல்லிவைத்ததால், சாயங்காலம் மதுரைக் கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில். பெரிய வக்கீலைத் தவிர எங்கள் குடும்பத்து மூத்தவர்கள் எல்லாரும் வரிசையாகக் கிடக்கும் இடம், ஒவ்வொரு கல்லிலும் பேருக்குக் கீழே வக்கீல் என்று வெட்டியிருக்கும். சங்கத்திலிருந்து வக்கீல்கள் வந்திருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் நல்ல மனதோடுதான், வீட்டிலிருந்து எடுத்து வந்த கவுனை விரித்துப் பெட்டியின் மேல் போர்த்தினார். தோள்பட்டையில் ஒட்டுப் போட்ட அதே கவுன். பாச்சை உருண்டை வாசம் வந்தது.

ஆயர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். எனக்குக் கண்ணை மூட முடியவில்லை. அந்தக் கறுப்புத் துணிக்கு அடியில் அவன் மறுபடியும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. மலையும் இல்லை, இதுவாவது இல்லாமல் போகட்டும் என்று தோன்றியது.

"அத எடுங்க" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வயதான வக்கீலுக்குப் புரியவில்லை. தம்பி மெதுவாக என் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, அது வழக்கம்க்கா. பெட்டிய எறக்குறதுக்கு முன்னாடி எடுத்துருவாங்க."

"இப்பவே எடு. அவனுக்கு அது என்னைக்கும் வேண்டியதில்ல."

"அண்ணன் அப்படிச் சொல்லலியேக்கா."

"அண்ணனுக்காக நான் பேசுறேன்" என்றேன். "எடுத்துரு."

அறுபது வயது தாண்டியும், அப்பா எங்கிருந்தோ, நீ என்ன அவனுக்கு வக்கீலா, உக்காரு என்று சொல்லப்போகிறார் என்று உடம்பு காத்திருந்தது. யாரும் சொல்லவில்லை. தம்பி குனிந்து கவுனை எடுத்தான். மடிக்கத் தெரியாமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வெறும் பெட்டியாக அண்ணனை இறக்கினோம்.

அவ்வளவுதான். ஒருத்தரும் மறுக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியம் இது. இது தெரியாமலா நாங்கள் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்த மேசையைச் சுற்றி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்?